பெர்லினில் பெயர் வைத்த சிலிப் பூச்சி

தென் அமெரிக்காவில் ஒரு பூச்சி இருக்கிறது. பெயர் பிட்டாக்கஸ் சிலென்சிஸ். 'சிலென்சிஸ்' என்றால் லத்தீனில் 'சிலி நாட்டைச் சேர்ந்தது' என்று பொருள். பெயரிலேயே ஊர் வந்துவிட்டது, அப்புறம் அது எங்கே வாழ்கிறது என்று கேட்க என்ன இருக்கிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் சிலி என்பது வடக்கே அட்டகாமா பாலைவனத்தில் ஆரம்பித்து, தெற்கே பனியாறுகள் கடலில் இறங்கும் இடம் வரை சுமார் 4,300 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் நாடு. நடுவில் வெயில் காயும் புதர்க்காடு, மழை விடாமல் பெய்யும் காடு, பனிமலை எல்லாம் உண்டு. 'சிலியில் இருக்கிறது' என்பது முகவரி கேட்டவரிடம் 'ரயில் போகும் பக்கம்' என்று கை காட்டுவது மாதிரிதான்.

ஒரு பூச்சிக்குச் சரியாகப் பெயர் வைப்பதும், அது எங்கெங்கே இருக்கிறது என்று குறித்து வைப்பதும் குமாஸ்தா வேலை என்று விஞ்ஞானம் படிக்கும் பலருமே நினைக்கிறார்கள். அது தவறு என்பது என் கட்சி. அந்தக் கட்சிக்காக வாதாட இந்தப் பூச்சியையே சாட்சியாகக் கூப்பிடுகிறேன்.

முதலில் ஆளை அறிமுகம் செய்துவிடுகிறேன். ஆங்கிலத்தில் இவற்றை 'ஹாங்கிங்ஃப்ளை' என்பார்கள். தமிழில் நான் 'தொங்கு பூச்சி' என்று வைத்துக்கொள்கிறேன். 'தொங்கு ஈ' என்று சொல்லாததற்குக் காரணம் உண்டு. ஈ, கொசு எல்லாம் இரண்டே இறக்கை உள்ள டிப்டெரா வரிசையைச் சேர்ந்தவை. தொங்கு பூச்சிக்கு நான்கு இறக்கைகள். இது மெகாப்டெரா என்ற வேறு வரிசை. கிரேக்க மொழியில் 'நீள இறக்கை' என்று அர்த்தம். உலகம் முழுவதும் தேடிப் பெயர் வைத்ததில் இந்த வரிசையில் சுமார் 600 சிற்றினங்கள்தான் தேறும். வண்டுகளில் மட்டும் ஏறக்குறைய 4 லட்சம் இருக்கின்றன என்பதை நினைத்தால் இது எவ்வளவு சின்னக் கூட்டம் என்று புரியும். அந்த 600-ல் தொங்கு பூச்சிகளின் குடும்பமான பிட்டாசிடேயில் 200-க்குக் கொஞ்சம் அதிகமாக இருக்கின்றன.

பார்ப்பதற்குப் பெரிய கொசுவுக்குக் கால் இன்னும் நீளமாக முளைத்த மாதிரி இருக்கும். முன்னங்கால்களால் ஒரு இலையையோ குச்சியையோ பிடித்துக்கொண்டு அப்படியே தொங்கும். பின்னங்கால்கள் கீழே சும்மா ஆடிக்கொண்டிருக்கும். சும்மா என்று நாம்தான் நினைக்கிறோம். பக்கத்தில் ஒரு சின்னப் பூச்சி பறந்து வந்தால் அந்தப் பின்னங்கால் சட்டென்று அதை வளைத்துப் பிடித்துவிடும். காலின் கடைசிக் கணு, மடக்குக் கத்தி மாதிரி முந்தின கணுவின் மேல் மடிந்து இரையை இறுக்கிக்கொள்ளும். நுனியில் ஒரே ஒரு நகம். இதே வரிசையில் உள்ள தேள் பூச்சிகளுக்கு இரண்டு நகம் இருக்கும். பார்ப்பதற்கு அற்பமான இந்த ஒரு நகம்தான் குடும்பத்தையே அடையாளம் காட்டும் குறி.

பூச்சியியல் படிக்காதவர்களும் தொங்கு பூச்சியைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தால் அது 'கல்யாணச் சீர்' கதையாகத்தான் இருக்கும். ஆண் ஒரு இரையைப் பிடித்துக்கொண்டு வந்து பெண்ணிடம் நீட்டும். பெண் அதைத் தின்றுகொண்டிருக்கும் நேரம்தான் இணை சேரும் நேரம். ராண்டி தோர்ன்ஹில் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1976-ல் இதைப் பற்றி எழுதிய கட்டுரை மிகவும் பிரபலம். சீர் பெரிதாக இருந்தால் இருபது நிமிடம் வரை உறவு நீடிக்கிறது, விந்தணுக்கள் முழுமையாகப் போய்ச் சேருகின்றன. சீர் சின்னதாக இருந்தால் பெண் ஐந்து நிமிடத்துக்குள் 'போதும் போ' என்று விலகிவிடுகிறது, விந்தணு எதுவும் போய்ச் சேருவதில்லை. இன்னும் கேளுங்கள். சில ஆண்கள் பெண்ணைப் போல நடித்து, இன்னொரு ஆணிடமிருந்து இரையைத் தட்டிப் பறித்துக்கொண்டு போய்விடும். இதை அவர் 1979-ல் எழுதினார். பரிணாமப் பாடப்புத்தகங்களில் இந்தக் கதை தவறாமல் வரும்.

இங்கேதான் வகைப்பாட்டியல் உள்ளே வருகிறது. தோர்ன்ஹில் 1976-ல் எழுதியபோது அந்தப் பூச்சியின் பெயர் பிட்டாக்கஸ் அபிகாலிஸ். 1861-ல் ஹாகன் வைத்த பெயர். 1979-ல் கன்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் பையர்ஸ் அதைத் தனியாகப் பிரித்து ஹைலோபிட்டாக்கஸ் என்ற புதுப் பேரினத்தில் வைத்தார். பேரினம் மாறினாலும் 'அபிகாலிஸ்' என்ற இரண்டாம் பெயர் மாறவில்லை. அதனால்தான் 1976 கட்டுரையும் அதன் பிறகு வந்த கட்டுரைகளும் ஒரே பூச்சியைப் பற்றியவை என்று இன்று படிக்கும் மாணவனால் கண்டுபிடிக்க முடிகிறது. ஹாகன், பையர்ஸ் இருவரும் தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்யாமல் இருந்திருந்தால், உலகப் புகழ் பெற்ற அந்தச் சோதனையை இன்னொருவர் திரும்பச் செய்து சரிபார்க்க எந்தப் பூச்சியைத் தேடிப் போவார்?

இன்னொரு விஷயமும் இருக்கிறது. அபிகாலிஸ் கிழக்கு வட அமெரிக்காவின் பூச்சி. அதன் பழக்கத்தைப் படித்துவிட்டு 'தொங்கு பூச்சிகள் இப்படித்தான்' என்று மொத்தக் குடும்பத்துக்கும் எழுதிவிடுகிறார்கள். இந்தக் குடும்பத்தில் கலிஃபோர்னியாவில் வாழும் அப்டீரோபிட்டாக்கஸுக்கு இறக்கையே கிடையாது! ஒரு வீட்டுப் பழக்கத்தைப் பார்த்துவிட்டு ஊருக்கே சட்டம் எழுதுவது எப்படிச் சரியாகும்? யார் யார் தனித்தனி என்று தெரிந்த பிறகுதான் யார் யார் ஒரே மாதிரி என்று சொல்லவே முடியும்.

சரி, சிலிக்கு வருவோம். பிட்டாக்கஸ் சிலென்சிஸுக்குப் பெயர் வைத்தவர் ஃப்ரீட்ரிஷ் க்ளூக். பெர்லின் அருங்காட்சியகத்தின் பூச்சித் தொகுப்புக்குப் பொறுப்பாக இருந்தவர். உலகின் பல மூலைகளிலிருந்து கப்பலில் வந்து சேர்ந்த பெட்டிகளைத் திறந்து, ஊசியில் குத்தி, பெயர் எழுதி வைத்தவர். பிட்டாக்கஸ் பிரேசிலியென்சிஸ் என்ற இன்னொரு தென் அமெரிக்கத் தொங்கு பூச்சிக்கும் அவர்தான் பெயர் வைத்தார். ஒன்று சிலியிலிருந்து வந்தது, ஆகவே சிலென்சிஸ். இன்னொன்று பிரேசிலிலிருந்து வந்தது, ஆகவே பிரேசிலியென்சிஸ். அக்காலத்து ஆட்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

க்ளூக்கின் கட்டுரை வந்தது பெர்லின் விஞ்ஞானக் கழகத்தின் 1836-ம் ஆண்டுத் தொகுப்பில். ஆனால் அந்தத் தொகுப்பு அச்சாகி வெளிவந்தது 1838-ல். அதனால் சிலர் 'க்ளூக், 1836' என்று எழுதுகிறார்கள், சிலர் 'க்ளூக், 1838' என்று எழுதுகிறார்கள். இரண்டு வருடத்துக்கு இவ்வளவு அக்கப்போரா என்று சிரிக்கலாம். விலங்குகளுக்குப் பெயர் வைக்கும் சர்வதேச விதிகளின்படி, ஒரே உயிருக்கு இரண்டு பேர் இரண்டு பெயர் வைத்துவிட்டால் முதலில் வெளிவந்த பெயர்தான் செல்லும். ஆகவே அச்சகத்திலிருந்து எப்போது வெளியே வந்தது என்பது சட்டப் பிரச்சினை. நிலப் பத்திரத்தில் பதிவுத் தேதி மாதிரி.

இடத்தைப் பொறுத்தவரை கதை இன்னும் மோசம். 1838-ல் 'சிலி' என்ற சொல் இன்றைய சிலியைக் குறிக்கவில்லை. வடக்கே அன்டோஃபகாஸ்டாவும் தரப்பாகாவும் 1879-ல் தொடங்கி 1884 வரை நீடித்த பசிஃபிக் போருக்குப் பிறகுதான் சிலியிடம் வந்தன. அதுவரை ஒன்று பொலிவியாவிடமும் மற்றது பெருவிடமும் இருந்தன. தெற்கே அரௌகானியா மப்பூச்சே மக்களின் கையில் இருந்தது. சிலி ராணுவம் 1880-களின் தொடக்கத்தில்தான் அதை முழுதாகப் பிடித்தது. எனவே 1838-ல் ஒட்டிய 'சிலி' என்ற சீட்டைப் படித்துவிட்டு இன்றைய வரைபடத்தில் அந்த நாடு முழுவதற்கும் வண்ணம் அடித்தால், பூச்சியை விட்டுவிட்டு போர் வரலாற்றுக்குத்தான் வண்ணம் அடிக்கிறோம். நாட்டின் எல்லை பூச்சிக்குத் தெரியுமா என்ன?

இதைப் பற்றி முதலில் எரிச்சல்பட்டவர்களில் ஒருவர் ஆல்ஃப்ரட் ரஸ்ஸல் வாலஸ். 1848-லிருந்து 1852 வரை அமேசானில் அலைந்தவர். ஊர் திரும்பும் வழியில் 1852 ஆகஸ்ட் 6-ம் தேதி நடுக்கடலில் அவர் வந்த கப்பல் தீப்பிடித்து, சேகரித்த மாதிரிகளில் பெரும்பகுதி எரிந்துபோனது. பத்து நாள் படகில் தத்தளித்து உயிர் பிழைத்தார். அதே வருடம் டிசம்பரில் லண்டன் விலங்கியல் சங்கத்தில் அமேசான் குரங்குகளைப் பற்றி ஒரு கட்டுரை படித்தார். அதில் அவர் வைத்த குறை என்ன தெரியுமா? அருங்காட்சியகச் சீட்டுகளில் 'பிரேசில்', 'பெரு', 'தென் அமெரிக்கா' என்று மட்டும் எழுதி வைக்கிறார்கள், ஆற்றின் எந்தக் கரையில் பிடித்தது என்று எழுதுவதில்லை என்பதுதான். அமேசான் போன்ற ஆறுகள் குரங்குகளுக்கு வேலி மாதிரி இருக்கின்றன, இந்தக் கரையில் ஒரு இனம், அந்தக் கரையில் வேறு இனம் என்று அவர் கண்டுபிடித்திருந்தார். சீட்டில் கரை இல்லையென்றால் அந்தக் கண்டுபிடிப்பே இல்லை. உயிர்களின் பரவலைப் பற்றி நமக்குத் தெரியாமல் இருக்கும் இந்த ஓட்டைக்கு இன்றைய விஞ்ஞானிகள் 'வாலஸ் பற்றாக்குறை' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். இன்னும் பெயர் வைக்கப்படாத உயிர்கள் இருப்பதற்கு 'லின்னேயஸ் பற்றாக்குறை' என்று பெயர்.

'அது பழைய காலம், இப்போதுதான் ஜிபிஎஸ் இருக்கிறதே' என்று யாராவது சொல்லலாம். ஜிபிஎஸ் பூச்சியைப் பிடித்த இடத்தைச் சொல்லும். பிடிக்கப் போகாத இடத்தைப் பற்றி அதற்கு என்ன தெரியும்? தொங்கு பூச்சி கூட்டமாகப் பறந்து வந்து கண்ணில் படும் ஜாதி கிடையாது. ஈர நிழலில், செடிகளுக்கு நடுவில், வருடத்தில் சில வாரங்கள் வளர்ந்த உருவில் இருந்துவிட்டுப் போய்விடும். தப்பான மாதத்தில் போனால் ஒன்றும் கிடைக்காது. அப்படிக் கிடைக்காமல் போனதை 'இங்கே இல்லை' என்று எழுதிவிட முடியாது. வரைபடத்தில் இருக்கும் புள்ளிகளை இணைத்துப் பார்த்தால் பல சமயம் தெரிவது பூச்சி போன பாதையாக இருக்காது. சாலை போன பாதை, ஆராய்ச்சி நிலையம் இருக்கும் ஊர், விடுமுறையில் ஆய்வாளர் போக முடிந்த இடம், இவைதான் தெரியும்.

இது என் கற்பனை இல்லை. அமேசான் காட்டில் சில பகுதிகளில் மட்டும் அபூர்வமான இனங்கள் குவிந்திருப்பதாகவும், பனியுகத்தில் காடு சுருங்கியபோது அங்கேதான் உயிர்கள் ஒதுங்கித் தப்பின என்றும் ஒரு கொள்கை உண்டு. ஜர்கன் ஹாஃபர் 1969-ல் பறவைகளை வைத்து முன்வைத்தது. பிறகு தாவரங்களுக்கும் இதை நீட்டினார்கள். 1990-ல் புரூஸ் நெல்சனும் அவருடைய கூட்டாளிகளும் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். இங்கா என்ற மரப் பேரினத்தை எடுத்துக்கொண்டு எங்கெங்கே சேகரித்திருக்கிறார்கள் என்று பார்த்தார்கள். 'இனங்கள் குவிந்த இடம்' என்று தாவரவியலாளர்கள் சொன்ன இடங்களெல்லாம் அதிகமாகச் சேகரிக்கப்பட்ட இடங்களாகவே இருந்தன! மனாஸ் நகரத்தைச் சுற்றி நிறையப் பேர் போய்த் தேடினார்கள், அதனால் நிறையக் கிடைத்தது. ஒரு பெரிய கொள்கைக்கான சான்றில் ஒரு பகுதி, ஆராய்ச்சியாளர்கள் எங்கே போனார்கள் என்பதன் நிழலாக இருந்திருக்கிறது. சேகரிப்புச் சீட்டை மதிக்காமல் கொள்கை கட்டினால் இப்படித்தான் ஆகும்.

சரியான பரவல் தெரிந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கும் தெற்கு சிலியிலேயே உதாரணம் உண்டு. தொங்கு பூச்சியின் தூரத்து உறவான நன்னோகோரிஸ்டா என்ற சின்னப் பூச்சிக் கூட்டம் சிலியிலும் அர்ஜென்டினாவின் தெற்கிலும் இருக்கிறது. அப்புறம் எங்கே இருக்கிறது தெரியுமா? தென்கிழக்கு ஆஸ்திரேலியா, டாஸ்மேனியா, நியூசிலாந்து. நடுவில் பசிஃபிக் பெருங்கடல். கோண்ட்வானா என்ற பழைய பெருங்கண்டம் உடைந்து விலகிய கதை இந்தப் பரவலில் எழுதியிருக்கிறது. இன்னொரு உறவு நோட்டியோத்தௌமா ரீடை. 1877-ல் மக்லாக்லன் பெயரிட்டது. பார்த்தால் கரப்பான் பூச்சி மாதிரி இருக்கும். அந்தக் குடும்பத்தில் இன்று உயிரோடு மிச்சமிருக்கும் ஒரே சிற்றினம் அதுதான். வாழ்வது சிலியின் தெற்குக் காடுகளில். அதன் குடும்பத்தைச் சேர்ந்த புதைபடிவம் வட அமெரிக்காவில் கொலராடோவின் ஃப்ளோரிசன்ட் பாறைகளில் கிடைத்திருக்கிறது. ஒரு காலத்தில் பூமியின் வடக்கிலும் இருந்த குடும்பம் இன்று ஒரு நாட்டின் காட்டில் ஒண்டிக்கொண்டிருக்கிறது. இரண்டு இடத்தில் இருப்பதும் ஒரே குடும்பம்தான் என்று இறக்கை நரம்புகளைப் பார்த்துச் சொன்னவர்கள் வகைப்பாட்டியலாளர்கள்தான். 'குமாஸ்தாக்கள்'!

அந்தக் காடுகளின் நிலைமையையும் சொல்ல வேண்டும். சிலியில் 1974-ல் வந்த 701-ம் எண் ஆணைச் சட்டம் மரம் வளர்க்க அரசு மானியம் கொடுத்தது. அதன் பிறகு நாட்டின் நடுப்பகுதியிலும் தென்நடுப்பகுதியிலும் பைன், யூகலிப்டஸ் தோட்டங்கள் பெருகின. பல இடங்களில் இயற்கைக் காட்டை அழித்துவிட்டுத்தான் தோட்டம் வந்தது. 2017 தொடக்கத்தில் நடுச் சிலியில் பற்றிய தீயில் 5 லட்சம் ஹெக்டேருக்கும் மேல் எரிந்தது. இப்போது ஒரு கேள்வி. அந்த 5 லட்சம் ஹெக்டேரில் எந்தெந்தச் சின்னப் பூச்சிகள் இருந்தன, எவற்றுக்கு அது கடைசி வீடாக இருந்தது என்று சொல்ல என்ன ஆவணம் வேண்டும்? சீட்டுதான் வேண்டும். இந்த மலைச்சரிவில், இந்த ஓடைக்கரையில், இந்தத் தேதியில், இந்தப் பூச்சி இருந்தது என்ற சீட்டு. 'சிலி' என்று மட்டும் இருந்தால், நாடு முழுக்க எரிந்தால் ஒழிய அந்தப் பூச்சி அழிந்ததாகவே கணக்கில் வராது. தெரியாத ஒன்றை இழந்தால் இழந்ததும் தெரியாது. என்னைப் பொறுத்தவரை இந்த வேலையின் முக்கியத்துவம் அங்கேதான் இருக்கிறது.

வகைப்பாட்டியலாளர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. லோங்கினோஸ் நவாஸ் என்று ஒரு ஸ்பானியப் பாதிரியார் இருந்தார். 1858-ல் பிறந்து 1938-ல் இறந்தவர். தொங்கு பூச்சிகள் உட்பட வலையிறக்கைப் பூச்சிகளுக்கும் அவற்றின் உறவுகளுக்கும் அவர் வைத்த பெயர்களின் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில். பாசியஸ் என்ற தென் அமெரிக்கத் தொங்கு பூச்சிப் பேரினமும் அவர் வைத்ததே. உழைப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் அவருடைய விவரிப்புகள் பல மிகச் சுருக்கமானவை. ஏற்கெனவே பெயருள்ள பூச்சிக்கு மறுபடி பெயர் வைத்த சம்பவங்களும் நிறைய. அவருக்குப் பின்னால் வந்தவர்கள் 'நவாஸ் சொன்னது எந்தப் பூச்சி' என்று தேடுவதிலேயே ஆயுளைக் கழிக்க வேண்டியிருந்தது. மோசமாகச் செய்த வகைப்பாட்டியல் செய்யாமல் விட்டதைவிட அதிகத் தொந்தரவு தரும் என்பதற்கு இது பாடம். ஆனால் இதிலிருந்து 'ஆகவே இந்த வேலையே வேண்டாம்' என்ற முடிவுக்கு வருபவர்கள், ஒரு டாக்டர் தப்பான மருந்து கொடுத்தார் என்று மருத்துவத்தையே மூடச் சொல்பவர்கள்.

அந்தக் குழப்பங்களை அவிழ்த்தவர்களும் வகைப்பாட்டியலாளர்களே. 1979-ல் நார்மன் பென்னியும் பையர்ஸும் சேர்ந்து உலகத்து மெகாப்டெரா எல்லாவற்றுக்கும் ஒரு பட்டியல் போட்டார்கள். அது வெளிவந்தது லண்டனிலோ பெர்லினிலோ இல்லை. அமேசான் காட்டின் நடுவில் இருக்கும் மனாஸ் நகரத்து ஆராய்ச்சி நிறுவனத்தின் 'ஆக்டா அமசோனிகா' இதழில். எனக்கு மிகவும் பிடித்த தகவல் இது. 2000-க்குப் பிறகு பிரேசில் ஆய்வாளர்களே தங்கள் நாட்டுத் தொங்கு பூச்சிகளுக்குப் பெயர் வைத்து வருகிறார்கள். ஆணின் வால் நுனி உறுப்புகளைப் படம் வரைந்து, இறக்கையின் குறுக்கு நரம்புகளை எண்ணி, பிடித்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையோடு எழுதுகிறார்கள்.

ஒரு பெயர் எதைக் குறிக்கிறது என்பதற்குக் கடைசி ஆதாரம் 'மூல மாதிரி'. ஊசியில் குத்தி வைத்த அந்த ஒரே ஒரு பூச்சி. எத்தனை பக்கம் எழுதினாலும் சந்தேகம் வந்தால் அதைத்தான் போய்ப் பார்க்க வேண்டும். தென் அமெரிக்கப் பூச்சிகள் பலவற்றின் மூல மாதிரிகள் ஐரோப்பிய அருங்காட்சியகங்களில்தான் இருக்கின்றன. தன் ஊர்ப் பூச்சி எது என்று உறுதி செய்ய ஒரு சிலி மாணவன் ஐரோப்பாவுக்கு டிக்கெட் எடுக்க வேண்டும். இது நியாயமா என்றால் இல்லை. 'அங்கே இருப்பதுதான் பத்திரம்' என்று உடனே ஒரு பதில் வரும். அதற்கு 2018 செப்டம்பர் 2-ம் தேதியைக் காட்டுவார்கள். ரியோ டி ஜெனிரோவில் இருந்த பிரேசில் தேசிய அருங்காட்சியகம் அன்று இரவு எரிந்தது. ஆரம்பித்து 200 வருடம் ஆன நிறுவனம். சுமார் 2 கோடிப் பொருட்கள் இருந்தன. அதில் பூச்சிகள் மட்டும் சுமார் 50 லட்சம். பூச்சித் தொகுப்பு அநேகமாக முழுதும் போய்விட்டது. பல வருடங்களாகப் பராமரிப்புக்குப் பணம் வெட்டப்பட்டு வந்த கட்டிடம் அது. தீயணைப்பு வண்டிகள் வந்தபோது பக்கத்துக் குழாய்களில் போதிய தண்ணீர் வரவில்லை.

ஆனால் ஐரோப்பா பத்திரம் என்பவர்கள் 1943-ஐயும் 1945-ஐயும் மறந்துவிடுகிறார்கள். 1943 ஜூலையில் குண்டுவீச்சில் ஹாம்பர்க் விலங்கியல் அருங்காட்சியகம் அழிந்தது. 1945 பிப்ரவரி 3-ம் தேதி பெர்லின் அருங்காட்சியகத்தின் கிழக்குப் பகுதி குண்டில் சிதைந்தது. அது திரும்பக் கட்டி முடிக்கப்பட்டது 2010-ல்தான். எந்த ஊரும் நிரந்தரப் பத்திரம் கிடையாது. ஆகவே 'யாரிடம் இருக்க வேண்டும்' என்று சண்டை போடுவதோடு நிறுத்தாமல், ஒரே இடத்தில் மட்டும் இருக்கக் கூடாது என்பதைத்தான் வலியுறுத்த வேண்டும். மூல மாதிரி ஒன்றுதான். ஆனால் அதோடு பிடித்த துணை மாதிரிகளைப் பிடித்த நாட்டில் வைக்கலாம். மூல மாதிரியை ஒவ்வொரு கோணத்திலும் படமெடுத்து யாரும் பார்க்கும்படி வைக்கலாம். ரியோவில் எரிந்துபோனவற்றில், 2018-க்கு முன்பே படமெடுத்து வைத்தவை இன்று ஏதோ ஒரு விதத்தில் உயிரோடு இருக்கின்றன.

'டிஎன்ஏ வந்த பிறகு இதெல்லாம் எதற்கு' என்பது இன்னொரு கேள்வி. நியாயமான கேள்விதான். 2003-ல் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஹெபர்ட், ஒரு மரபணுவின் சிறு துண்டை வைத்தே இனங்களைப் பிரித்துவிடலாம் என்றார். கடையில் பொருளுக்கு பார்கோடு மாதிரி. மிகவும் உபயோகமான கருவி. ஆணும் பெண்ணும் ஒன்றா, புழுவும் பூச்சியும் ஒன்றா என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் கடையில் பார்கோடு ஸ்கேன் செய்தால் விலை வருவது, யாரோ ஏற்கெனவே உட்கார்ந்து ஒவ்வொரு பொருளின் பெயரையும் கணினியில் ஏற்றி வைத்ததால்தான். ஏற்றி வைக்காத பொருளுக்கு இயந்திரம் 'பீப்' என்று கத்தும், அவ்வளவுதான். தெற்கு சிலியில் பிடித்த ஒரு பூச்சியின் டிஎன்ஏ 'இது தனி இனம்' என்று சொல்லலாம். அது க்ளூக் பெயர் வைத்த சிலென்சிஸா, வேறு ஒன்றா என்று அதனால் தானாகச் சொல்ல முடியாது. பழைய மாதிரியோடு ஒப்பிடத் தெரிந்த ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் எங்கே?

அந்த ஆள் வேலை தேடிக்கொண்டிருக்கிறார். இயற்பியல் தவிர மற்ற விஞ்ஞானமெல்லாம் தபால்தலை சேகரிப்பு என்று ரூதர்ஃபோர்டு சொன்னதாக ஒரு கதை சொல்வார்கள். அவர் சொன்னாரோ இல்லையோ, பணம் ஒதுக்குபவர்கள் அதை நம்புகிறார்கள். வகைப்பாட்டுக் கட்டுரையை உடனே யாரும் மேற்கோள் காட்ட மாட்டார்கள். ஐம்பது வருடம் கழித்து ஒருவர் தேடி வருவார். ஆனால் இதழின் மதிப்பைக் கணக்கிடும் 'இம்பாக்ட் ஃபாக்டர்' கணக்கு இரண்டு வருடத்தை மட்டும் பார்க்கிறது. 2020-ல் நடந்ததைப் பாருங்கள். விலங்கு வகைப்பாட்டுக்காக 2001-ல் தொடங்கிய 'சூடாக்ஸா' உலகத்தில் புதிதாகப் பெயரிடப்படும் விலங்குகளில் பெரும் பங்கு வெளியாகும் இதழ். அந்த இதழ் தன்னையே அதிகமாக மேற்கோள் காட்டுகிறது என்று சொல்லி, மதிப்பீட்டு நிறுவனமான கிளாரிவேட் அதற்கு இம்பாக்ட் ஃபாக்டர் தராமல் நிறுத்தியது. ஒரு துறையே ஒரு இதழில் எழுதினால் அதைத்தானே மேற்கோள் காட்ட முடியும்? உலகம் முழுவதும் வகைப்பாட்டியலாளர்கள் கூச்சல் போட்ட பிறகு, சில வாரங்களில் முடிவைத் திரும்பப் பெற்றார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் தென் அமெரிக்காவில் ஒரு இளம் ஆய்வாளரின் வேலையும் உதவித்தொகையும் அந்த எண்ணைப் பொறுத்துத்தான் இருக்கிறது என்பதை நினைத்தால், அந்தச் சில வாரங்கள் எவ்வளவு பெரிய பயமுறுத்தல் என்று புரியும்.

நான் கேட்பது பெரிய காரியம் எதுவும் இல்லை. பெயர் வைப்பவரின் வேலையை அவருடைய துறைக்கு ஏற்ற அளவுகோலால் அளக்க வேண்டும். அபிகாலிஸைப் பற்றிப் பரிணாமக் கட்டுரை எழுதுபவர், அதற்குப் பெயர் வைத்தவரின் கட்டுரையையும் மேற்கோள் காட்ட வேண்டும். அருங்காட்சியகத்துக்கு வருடா வருடம் பராமரிப்புப் பணம் ஒழுங்காகப் போக வேண்டும், தீப்பிடித்த பிறகு கண்ணீர் அஞ்சலி வேண்டாம். விலங்கியல் மாணவர்கள் வருடத்துக்கு ஒரு பூச்சியையாவது பிடித்து, சீட்டில் ஊர், ஓடை, உயரம், தேதி எல்லாம் முழுதாக எழுதிப் பழக வேண்டும். ஒரு சீட்டு எழுத இரண்டு நிமிடம் ஆகும். எழுதாமல் விட்டதைச் சரி செய்ய 1838-லிருந்து இன்றுவரை ஆகிக்கொண்டிருக்கிறது.

க்ளூக்கை நான் குறை சொல்ல மாட்டேன். தன் மேஜைக்கு வந்ததை வைத்துத் தன்னால் ஆனதைச் செய்தார். அவர் எழுதி வைத்ததால்தான் இன்று சிலென்சிஸ் என்ற பெயரைப் பிடித்துக்கொண்டு நாம் பேசவாவது முடிகிறது. அந்தப் பெயரில் 'சிலி' என்று இருப்பதற்குப் பக்கத்தில் மலையையும் ஓடையையும் தேதியையும் எழுத வேண்டியது அவருக்குப் பின்னால் வந்தவர்களின் வேலை. காட்டைவிட வேகமாக அந்த வேலை நடந்தால் நல்லது.